பார்வதம் கையெழுத்திட்ட இடம்

படூர்
ஜனவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் இவரும் நலம். அப்பாவின் சர்க்கரையும் உங்கள் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன? பொங்கலுக்கு வர முடியவில்லை. விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது.

போனில் பேசக்கூடாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். அப்பா ஒன்றியச் செயலாளரைத் திட்டிய ஆடியோ போன வருடம் ஊர் முழுக்கச் சுற்றியது. அதிலிருந்து உங்கள் வீட்டு போனில் ‘சாப்பிட்டாச்சா’வுக்கு மேல் எதுவும் பேசக்கூடாது என்று நீங்கள்தான் சட்டம் போட்டீர்கள்.

எங்கள் அடுக்ககத்தின் வாசலில் மீன் விற்கும் வச்சலாவை உங்களுக்குத் தெரியும். நெம்மேலிக்காரி, நம் கட்சியின் மகளிர் அணி. சங்கரா மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “யக்கா, உங்க நைனா எங்கூர்ல வந்து பேசினாரு. எனக்கு ஓட்டுப் போடுங்க, கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்குற பேக்டரி கொண்டாந்து தரேன்னாரு. பேக்டரி அவரு முதுகுக்குப் பின்னாலயே ஓடிக்கினு கீது. அதுல வேலை செய்றவனுங்க நாலு பேரு யூனிபாரத்தோட முன்னால நிக்கிறானுங்க. ஜனம் சிரிச்சிச்சு. எனக்கு ஒரே பேஜாராப் பூட்ச்சி.”

நான் யோசித்தது இது:

1. அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. மூன்று முறை எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். நிரூபிக்க இனி ஒன்றுமில்லை.

2. கட்சி இந்த முறை வேட்பாளர் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டது. வேட்புமனுவுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பெயரை மாற்றுவதென்றால் இப்போதே மாற்ற வேண்டும்.

3. அவருக்குப் பதில் யார் வேண்டுமானாலும் நிற்கட்டும். கட்சியில் ஆளா இல்லை?

அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பிரபாவதி


செங்கல்பட்டு
ஜனவரி 29

அன்புள்ள பிரபாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமா காலையில் மூன்று இட்லி சாப்பிடுகிறார், நான்காவதுக்குச் சண்டை போடுகிறார். சர்க்கரை நூற்றி நாற்பதில் நிற்கிறது. என் முட்டி தேர்தல் முடியும்வரை வலிக்கக்கூடாது என்று உத்தரவு. உன் வீட்டுக்காரர் சுப்புராமன் அண்ணன் இன்னும் அதே கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில்தான் தூங்கிக்கொண்டு போகிறாரா?

நெம்மேலியில் மாமா சொன்னது இன்னொரு ஆலை. மைக்கில் சரியாக விழவில்லை. வச்சலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவரை வீட்டில் உட்கார வைத்தால் ஒரே மாதத்தில் படுத்துவிடுவார். வேனில் ஏறியதும் எங்கிருந்தோ அந்தப் பழைய குரல் வருகிறது. உன் அண்ணன் போய் ஏழு வருடம், அத்தை போய் நான்கு வருடம். மாமாவுக்கு மிச்சம் இருப்பது இந்தத் தொகுதிதான். அதையும் பிடுங்கச் சொல்கிறாயா?

ஹாஸ்டலில் உன்னோடு ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். பொங்கலன்றும் விடைத்தாள் வந்ததா? இன்னொன்று. நான் உன் அண்ணனுக்குக் கழுத்தை நீட்டிய அன்று, இனிமேல் தேவிப்பிரியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே என்று அத்தை உன்னிடம் சொன்னார். இருபத்தாறு வருடமாக ‘அண்ணி’, ‘நீங்கள்’ என்று அதைக் காப்பாற்றி வருகிறாய். அத்தை சொன்ன வேறெதையும் நீ இத்தனை ஒழுங்காகக் கேட்டதில்லை.

ஒரு நடை வந்து போ.

உன்,
தேவிப்பிரியா


படூர்
பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அப்பாவும் நீங்களும் நலம்தான் என்று நேற்று நேரிலேயே பார்த்தேன்.

மாமல்லபுரம் கூட்டத்துக்கு வந்திருந்தேன். மேடைக்கு வரவில்லை. கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பா ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் தலையை இடப்பக்கம் சாய்த்து ஒரு நொடி நிறுத்துகிறார். ஜனங்கள் அதை அவருடைய பாணி என்று நினைத்துக் கை தட்டுகிறார்கள். இடப்பக்கம் ஒரு தாளோடு நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் உதடு முதலில் அசைகிறது, அப்பாவின் குரல் பிறகு வருகிறது.

கடைசியில் உங்கள் தோளில் கைவைத்து, “இது என் மக. இவ இல்லன்னா நான் இல்ல” என்றார். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த அம்மாள், “ஒரே பொண்ணு போல கீது” என்றாள். அவளோடு வந்தவள் சொன்னாள்: “பின்ன? மூஞ்சியப் பாத்தாலே தெரியல? அப்பன அப்படியே உரிச்சி வச்சிகீது.”

நான் கரும்புச்சாற்றைக் குடித்து முடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மைக்கில் விழாததல்ல காரணம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருநாள் உங்கள் குரல் அவர் காதில் விழாது. அன்று மேடையில் நிற்கப்போவது நீங்கள் அல்ல, என் அப்பா. பெற்ற மகளாகச் சொல்கிறேன். அவரை மாற்றத்தான் வேண்டும்.

மாத்திரைகளை நேரத்துக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
பிரபாவதி


செங்கல்பட்டு
பிப்ரவரி 20

அன்புள்ள பிரபாவுக்கு,

மாமா நலம். பத்து நாளாகப் பதில் எழுத நேரமில்லை. நீ மாமல்லபுரம்வரை வந்து முகத்தைக் காட்டாமல் போனதை மாமாவிடம் நான் சொல்லவில்லை.

மாவட்டச் செயலாளர் ராமானுஜம் திங்கட்கிழமை வந்தார். தலைமைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறதாம். ‘தொகுதியின் நலம் விரும்பி’ என்று முடிகிறது. நகலைக் காட்டினார். பிழை இல்லாத தமிழ். ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருந்தது. நெம்மேலி விஷயம் இரண்டாவது பத்தியில், மாமல்லபுரம் விஷயம் மூன்றாவது பத்தியில். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “யாரோ படிச்சவன் எழுதிகிறான். யாருமா?” என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ராமானுஜம் போகும்போது என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டார். “தலைமை மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்ச்சி. வெளியாளைப் போட்டா அண்ணாத்த ஆளுங்க வேலை செய்ய மாட்டானுங்க. உன் பேர்தான் ஓடிக்கினு கீது. நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார்.

நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவரை மாற்ற வேண்டும் என்று நீ இரண்டு கடிதத்தில் எழுதியிருக்கிறாய். யார் வேண்டுமானாலும் நிற்கட்டும் என்றும் எழுதியிருக்கிறாய். இப்போது நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல்.

உன்,
தேவிப்பிரியா


படூர்
பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. உடனே எழுதுகிறேன்.

பிரச்சாரத்தின் நடுவில் வேட்பாளரை மாற்றுவது எந்தக் கட்சிக்கும் நல்லதல்ல. சுவரெல்லாம் அப்பாவின் பெயர் எழுதியாகிவிட்டது. மாற்றினால், முதலில் நிறுத்தியது தப்பு என்று கட்சியே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எதிர்க்கட்சிக்கு வேறு பேச்சே வேண்டியிருக்காது. மேலும் அனுபவம் என்று ஒன்று இருக்கிறது. ஓர் ஆலையை மறப்பதும் தொகுதியை மறப்பதும் ஒன்றல்ல. கடலோரத்தில் எந்தக் குப்பத்தில் எந்த வருடம் எவ்வளவு தூரம் கடல் உள்ளே வந்தது என்று அப்பாவுக்குத் தெரியும். மேடையில் தாளைப் பார்த்து எடுத்துக் கொடுப்பவர்களுக்கு அது தெரியாது.

அடுத்தது, குடும்பத்துக்குள்ளேயே பதவி போகிறது என்ற பேச்சு வரும். அது உங்களுக்கும் நல்லதல்ல. உங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன்.

ஆகவே அப்பாவே நிற்கட்டும். முன்பு நான் எழுதியது அவசரத்தில் எழுதியது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது இவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “போன மாசம் உங்கப்பாவ மாத்தணும்னே. இப்ப யார மாத்தணும்ங்கறதுல உனக்கே கொழப்பம் போல” என்றார். அணுவைப் பிளக்கிறவர்களுக்கு அரசியல் புரியாது.

ராமானுஜத்திடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பிரபாவதி


செங்கல்பட்டு
மார்ச் 14

பிரபாவுக்கு,

நலம். முடியாது என்று சொல்லிவிட்டேன். நீ சொன்னதற்காக அல்ல, எனக்கே பயமாக இருந்தது. வெளியாளைப் போடத் தலைமைக்குத் துணிவில்லை, மாமாவே நிற்கிறார்.

இருபது நாளாக உனக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் சதுரங்கப்பட்டினத்தில் வேன் கிளம்பும் நேரம். மாமா என்னிடம், “பரணி எங்க? வண்டில ஏறச் சொல்லு, நேரமாவுது” என்றார். வேனில் எட்டுப் பேர் இருந்தார்கள். உன் அண்ணன் செத்து ஏழு வருடம் ஆகிறது என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வது? “பின்னால வந்துகினு இருக்காரு மாமா” என்றேன். “அவன் எப்பவும் லேட்டு” என்றார். வண்டி கிளம்பியது.

அதற்குப் பிறகு இரண்டு தடவை கேட்டுவிட்டார். இரண்டு தடவையும் அதையேதான் சொன்னேன். சொல்லிச் சொல்லி இப்போது எனக்கே வேன் கண்ணாடியில் பின்னால் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

நீ கேட்டால் மைக் சரியில்லை என்று இனிமேலும் சொல்வேன். ஆனால் உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தேவிப்பிரியா


படூர்
மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் ஒருமுறை தேர்தல் ஆணையத்தின் அதிகாரங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

அடையாற்றில் நினைவு சம்பந்தமான நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார். தேர்தலுக்குப் பிறகு கூட்டிப் போகலாம். முன்பே என்றாலும் நான் வரத் தயார்.

இதைக் கேட்கக்கூடாது என்று தெரிகிறது. நான்கு நாளாகக் கேட்காமல்தான் இருந்தேன். அண்ணனைக் கேட்ட அந்த மூன்று தடவையில் ஒரு தடவையாவது அப்பா என்னைக் கேட்டாரா?

பிரபாவதி


செங்கல்பட்டு
மார்ச் 25

அன்புள்ள பிரபாவுக்கு,

மாமாவுக்கு லேசாகச் சளி. மற்றபடி நலம். நீயும் சுப்புராமன் அண்ணனும் நலம்தானே?

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். முதலில் அதை எடுத்துப் பார்.

தலைமைக்கு அனுப்ப வேண்டிய தாள் அது. மேல் வரியில் வேட்பாளர் பெயர், கீழ் வரியில் மாற்று வேட்பாளர் பெயர். ஐந்து தேர்தலாகக் கீழ் வரியில் அத்தையின் பெயர்தான் இருந்தது. மாமாவின் மனுவுக்கு ஏதாவது ஆனால் அத்தையின் மனு நிற்கும். மாமாவின் மனுவை ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அதே மேஜையில் அத்தையின் மனு தள்ளுபடி. உனக்கு ஞாபகம் இருக்கும், தள்ளுபடி ஆனதும் அத்தை நேராகத் தாலுகா ஆபீஸ் எதிரே இருக்கும் ஓட்டலுக்குப் போவார். “என்னைத் தள்ளிட்டு நீங்க மட்டும் நிக்கிறீங்க இல்ல, மெதுவடை வாங்கிக் குடுங்க” என்பார். எம்.எல்.ஏ. வடை வாங்கிக்கொண்டு வருவார். அத்தை இல்லாமல் வரும் முதல் தேர்தல் இது.

இந்த முறை கீழ் வரியில் யார் பெயர் என்று ராமானுஜம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் என் பெயரை எழுதினேன். உன்னைக் கேட்காமல் எழுதியது தப்புதான். மாமாவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் பேனாவை வாங்கி என் பெயரை அடித்துவிட்டு, மேலே ‘பார்வதம்’ என்று அத்தையின் பெயரை எழுதினார். “எப்பவும் போல அம்மா பேரத்தான் போடணும்” என்று சிரித்தார். எத்தனை அழகாக எழுதியிருக்கிறார் பார். அந்த எழுத்தில் ஒரு நடுக்கம் இல்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. அவர் உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.

இந்தத் தாளை ராமானுஜம் பார்த்தால் மாமாவை அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். யாரைப் போடுவார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால் இதை நான் காட்ட முடியாது. கிழித்துப் போடவும் கை வரவில்லை. நீ வைத்துக்கொள். காட்டுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். நீ எதைச் செய்தாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

உன்,
தேவிப்பிரியா


படூர்
மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று நீங்கள் திருக்கழுக்குன்றம் பக்கம் ஓட்டுக் கேட்கப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். அப்பா சமையலறை மேஜையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியதால் நீங்கள் விட்டுவிட்டுப் போனதாகக் குறைப்பட்டார்.

“இன்னா பிரபா, காலேஜ் லீவா?” என்றார். என்னைத் தெரிந்தது. அதற்காக ஒரு மணி நேரம் உங்கள்மீது கோபம் இல்லாமல் இருந்தேன்.

“அப்பா, நீங்க இல்லன்னா யாரப்பா நிக்கறது?” என்று கேட்டேன்.

“நான் இல்லன்னா தேவி. இதுல இன்னா கேள்வி?”

“நான் நிக்கக்கூடாதா?”

உரித்த கடலையை என் பக்கம் தள்ளினார். “நீ படிச்சவ. ஆனா உன் எதிர்ல எனக்குப் பேச்சு வராதும்மா. நீ தப்பக் காட்டுவ. அவ, தப்பு வெளிய தெரியாம பாத்துக்குவா. ஓட்டுப் போடற ஜனத்துக்கு எது வேணும், சொல்லு.”

பிறகு, “மனு பரிசீலனை அன்னிக்கு அம்மாவ நேரத்தோட கெளம்பச் சொல்லு” என்றார். சரி என்றேன். அம்மா இல்லை என்று நான் திருத்தவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து நேராக ராமானுஜத்தின் அலுவலகத்துக்குப் போனேன். தாளை அவர் மேஜையில் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, “தேவி குடுத்துச்சா?” என்றார். மகள் கொடுக்கிறேன் என்றேன். எந்த மகள் என்று அவர் கேட்கவில்லை.

அப்பாவுக்காகக் கொடுத்தேன். உங்களுக்காகக் கொடுத்தேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

பிரபாவதி


செங்கல்பட்டு
ஏப்ரல் 1

அன்புள்ள பிரபாவுக்கு,

மாமா நலம், சளி போய்விட்டது. இதை பிரச்சாரத்துக்கு வந்த வச்சலாவிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலுக்கு நேரமில்லை.

நேற்று அறிவித்துவிட்டார்கள். மாமாவிடம் நானே சொன்னேன். அவர் தன் கழுத்தில் கிடந்த கட்சித் துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டு, “வேன்ல முன் சீட்டுல உக்காராத, வெயிலு அடிக்கும்” என்றார். இன்று காலை போன முதல் கிராமத்தில் நானே பேசினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் என் தலை இடப்பக்கம் சாய்ந்தது. அங்கே யாரும் இல்லை.

இப்போது மேல் வரி என்னுடையது, கீழ் வரியை நிரப்ப வேண்டியதும் நான்தான். மாற்று வேட்பாளராகத் தன் மைத்துனனைப் போடச் சொல்கிறார் ராமானுஜம். அத்தை கையெழுத்திட்ட இடத்தில் அந்த ஆளா? நீ போடுகிறாயா? உன் கல்லூரி தனியார் கல்லூரிதானே, தடை எதுவும் இல்லை என்று விசாரித்துவிட்டேன்.

என் பிரமாணப் பத்திரத்தின் நகலையும் வைத்திருக்கிறேன். மனு போட ஆறாம் தேதி கடைசி நாள். பிழை இருக்கிறதா என்று பார். பத்திக்கு எண் போட்டு எழுதத் தெரிந்தவர்கள் நம் குடும்பத்தில் ஒரே ஒருத்திதான்.

உன்,
தேவி


படூர்
ஏப்ரல் 4

தேவி,

நலம். நீ நலமா? அப்பா சாப்பிட்டாரா?

வச்சலா இதைக் கொண்டுவருவாள். “யக்கா, தேவிப்பிரியாம்மா பேச்சு உங்க நைனா கணக்கா இல்ல, ஆனா அவங்க அழுதா ஜனமும் அழுவுது” என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று இப்போதாவது சொல்கிறேன்.

அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது நான்தான். உனக்கு முதல் நாளே தெரியும் என்று எனக்கும் தெரியும்.

மாற்று வேட்பாளராகக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் பிரமாணப் பத்திரம் வந்த அன்றே படித்துவிட்டேன். ஒரு பிழைதான். ஒவ்வொரு பக்கத்திலும் உனக்கு ஒரு கட்டம், துணைவருக்கு ஒரு கட்டம், சார்ந்திருப்பவர்களுக்கு ஒரு கட்டம். சார்ந்திருப்பவர்கள் கட்டத்தில் எல்லாப் பக்கத்திலும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். துணைவர் கட்டத்தை எல்லாப் பக்கத்திலும் காலியாக விட்டிருக்கிறாய். காலிக் கட்டம் இருந்தால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம். இதை நான் பல வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் மனு விழுந்தால் என் மனு நிற்கும்.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நீ தெரியாமல் விட்டிருக்கிறாய், நான் கவனிக்கவில்லை என்று இருந்துவிடலாம். யாரும் என்னைக் கேட்க முடியாது. முதல் நாள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று தலையை இடப்பக்கம் சாய்த்துக்கூடப் பார்த்தேன்.

இன்று காலை மறுபடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டத்துக்குள் பேனா வைத்த ஒரு புள்ளி இருக்கிறது. எழுதப் போய் நிறுத்தியிருக்கிறாய். வேனில் மூன்று தடவை அண்ணன் வந்துகொண்டிருக்கிறான் என்று சொன்னவளால் அங்கே ‘இல்லை’ என்று எப்படி எழுத முடியும்?

நாளை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். புதுத் தாள் வாங்கி வை. அந்தக் கட்டங்களை நான் நிரப்புகிறேன். பார்க்கவேண்டாம் என்றால் நீ அப்பாவோடு வெளியே உட்கார். கையெழுத்து மட்டும் உன்னுடையது.

பரிசீலனை அன்று உன் மனுவை எடுக்கும்போது அதிகாரி கொஞ்ச நேரம் தயங்கினால் என் மனசு என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காக முன்கூட்டியே உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

என்னைத் தள்ளுபடி செய்ததும் தாலுகா ஆபீஸ் எதிரே காத்திருப்பேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. மெதுவடை நீதான் வாங்கித் தர வேண்டும்.

பிரபா